யாழ்ப்பாணம் அனுப்பத்தான் வேணுமோ?

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தரம் 10. இரண்டு தவணையாகக் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, புள்ளியும் விழுந்துவிட்டது. கனடாவில் இருக்கும் மாமா, "அங்க விட்டா பிள்ளை பாழ். யாழ்ப்பாணத்தில ஹொஸ்டல்ல விடுங்கோ, பயோ படிச்சு டொக்டராகட்டும்" என்கிறாராம். தகப்பன் காணியை ஈடு வைக்கவும் தயார்.

தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளை எப்படியும் படித்துவிடும் என்று நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. ஆனால் காணியை ஈடு வைக்காதீர்கள், மகளையும் இப்போது அனுப்பாதீர்கள்.

மாமா டொக்டர் கனவோடுதான் பேசுகிறார். அந்தக் கனவுக்கே இது பாதகம். மருத்துவம் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்றுதான் இடம் பிரிக்கிறார்கள். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்ததோ, அதுவே அதன் மாவட்டம். இப்போது அனுப்பினால் மகள் முல்லைத்தீவுப் பிள்ளையாக இல்லாமல், கடும் போட்டியுள்ள யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளியோடு, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியோடு, மல்லுக்கட்ட வேண்டும். கடன்பட்டு வாய்ப்பைக் குறைத்துக்கொள்வதா?

கணித ஓட்டையை அடைக்க வழி இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நாலு பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். பிரதியை வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுத்து, ஆசிரியர் வரும்வரை கணிதத்துக்கான ஆசிரிய ஆலோசகரையாவது அனுப்பச் சொல்லுங்கள். வேலை தேடும் பட்டதாரி ஒருவரைப் பிடித்து, சனிக்கிழமையில் ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து, கடந்தகால வினாத்தாள் செய்ய வையுங்கள். கல்வி அமைச்சின் இணையத்தளமான இ-தக்சலாவவில் தமிழ்ப் பாடங்கள் இலவசமாகவே கிடக்கின்றன.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பின்னேரம் முழுக்கத் தகப்பனோட தோட்டத்திலதான். சொட்டுநீர்க் குழாய் அடைச்சால் அவள்தான் கழட்டிப் பார்ப்பாள்." நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். டொக்டராக வேண்டும் என்று மகள் சொன்னதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. பயோ, மட்ஸ் என்றே பேசிப் பழகிய நம் வீடுகளில் இதை இன்னும் மட்டமாகத்தான் பார்க்கிறார்கள். அதில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என்று ஒரு பாடம் உண்டு. மண், நீர்ப்பாசனம், நில அளவை, பண்ணை இயந்திரம், பாதுகாப்புக் கூடாரப் பயிர்ச்செய்கை, அறுவடைக்குப் பின் பதனிடல் எல்லாம் அதற்குள் வருகின்றன. செய்முறைப் பரீட்சையும் உண்டு. கூடவே தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம். மூன்றாவதாக விவசாயமோ தகவல் தொழில்நுட்பமோ எடுக்கலாம். அடுத்த படியும் தூரமில்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, உயிர்முறைமைகள் தொழில்நுட்பத்தில் பட்டமே தருகிறது. விவசாய பீடமும் அங்கேதான். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால், அதே அறிவியல் நகரில் ஜேர்மன் ரெக் எனப்படும் இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் இல்லை. மாவட்டத்துக்குள் எங்கே இருக்கிறது என்று வலயத்தில் கேட்டு, சாதாரண தரம் எழுத முன்னரே மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். தொழில்நுட்ப ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகள் உறை பிரிக்காமல் தூசி படிந்து கிடந்தால், அல்லது விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால், அடுத்த பாடசாலையைப் பாருங்கள்.

அங்கே படிக்கும் பிள்ளைகளோடு மகள் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பயோதான் விருப்பம் என்று அவளே சொன்னால், அதையும் முல்லைத்தீவிலிருந்தே படிக்கட்டும்.

மாமாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஹொஸ்டலுக்கு அனுப்ப நினைத்த காசில் ஒரு பங்கை சனிக்கிழமைக் கணித வகுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தாறு பிள்ளைகளின் கட்டணத்துக்கு அது தாராளமாகக் காணும்.