ரிசர்வ் பேங்க் போர்டு மீட்டிங்குக்கு உங்க லெட்டர் ஏன் போகாது, அப்ப எங்கதான் போகணும்?

ஈரோட்டுப் பக்கம் வீட்டோட சேத்து சின்னதா டெய்லரிங் யூனிட் நடத்துற ஒரு அக்கா கேட்டிருக்காங்க. ரெண்டு வருஷமா மே மாசக் கடைசியில அவங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருந்து 436 ரூபா போயிருக்கு, பாஸ்புக்ல என்ட்ரி போட்டப்பதான் கண்ணுல பட்டிருக்கு. பிராஞ்ச்ல போய் கேட்டா "அது ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ், எல்லாருக்கும்தான் பிடிக்கிறோம்"னு (மத்திய அரசோட ஆயுள் காப்பீட்டுத் திட்டம் அது) சொல்லி அனுப்பிட்டாங்களாம், ஆனா இவங்க எந்த ஃபார்ம்லயும் கையெழுத்துப் போடல. கோவத்துல நேரா "மத்திய போர்டு, ரிசர்வ் பேங்க், மும்பை"னு அட்ரஸ் எழுதி ரிஜிஸ்டர் தபால் அனுப்பிட்டாங்க. மூணு மாசம் ஆச்சு. நடுவுல போர்டு மீட்டிங் நடந்ததா பேப்பர்ல நியூஸும் வந்திருக்கு, அதுல இவங்க விஷயம் ஒரு வரி கூட இல்ல. அடுத்த மீட்டிங் எப்ப, அஜெண்டால நம்ம லெட்டர் வர என்ன செய்யணும், தெற்கு மண்டல லோக்கல் போர்டு மெம்பருக்கு எழுதினா வேலை நடக்குமா, இதான் கேள்வி.

முதல்ல பதில சொல்லிடுறேன், காரணம் அப்பறம். உங்க லெட்டர் போர்டு மீட்டிங்குக்கு வராது அக்கா. 436 ரூபா சின்னத் தொகைங்கறதால இல்ல, 4 கோடி ரூபா பிரச்சனையா இருந்தாலும் தனி ஒரு கஸ்டமர் கம்ப்ளைன்ட் அந்த மேசைக்குப் போகாது, ஏன்னா அந்த மேசை போட்டிருக்கிற வேலையே வேற. அதனால அடுத்த மீட்டிங்குக்காகக் காத்திருக்காதீங்க, காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் உங்க கணக்குல வீணாப் போற நாள், கம்ப்ளைன்ட்டுக்குன்னு காலக்கெடு இருக்கு.

சரி, அந்த மேசையில யாரு உக்காருறாங்கன்னு பாப்போம். 1934 ரிசர்வ் பேங்க் சட்டத்துலயே எழுதியிருக்கு: கவர்னர், அதிகபட்சம் நாலு டெபுட்டி கவர்னர், மேற்கு கிழக்கு வடக்கு தெற்குன்னு நாலு லோக்கல் போர்டுல இருந்து ஆளுக்கு ஒருத்தரா நாலு பேரு, மத்திய அரசு நியமிக்கிற பத்துப் பேரு, அரசு அதிகாரிங்க ரெண்டு பேரு. ஆக மொத்தம் 21 வரைக்கும் போகலாம். இதுல டெபுட்டி கவர்னர்களும் அரசு அதிகாரிகளும் வந்து உக்காரலாம், பேசலாம், ஆனா ஓட்டு கிடையாது (கவர்னர் வராதப்ப அவர் சார்பா ஒரு டெபுட்டி கவர்னர் ஓட்டுப் போடலாம்). சரிசமமா ஓட்டு விழுந்தா தலைமை வகிக்கிறவருக்கு இன்னொரு ஓட்டு. எம்.பி., எம்.எல்.ஏ. யாரையாவது டைரக்டரா போட்டா ரெண்டு மாசத்துக்குள்ள அந்தப் பதவிய விட்டாகணும், இல்லன்னா நியமனமே செல்லாது. பேங்க்ல சம்பளம் வாங்குற ஆளும் டைரக்டரா இருக்க முடியாது. இந்த ரெண்டு விதியும் எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி, ஏன்னா அந்த ரூமுக்குள்ள கட்சிக்காரரும் வரக்கூடாது, கண்காணிக்கப்படுற பேங்க்காரரும் வரக்கூடாதுன்னு அவ்வளவு முன்னாடியே யோசிச்சிருக்காங்க.

வருஷத்துக்குக் குறைஞ்சது ஆறு தடவ, மூணு மாசத்துக்கு ஒண்ணாவது கூடணும்னு சட்டம். எந்த நாலு டைரக்டர் சேந்து கேட்டாலும் கவர்னர் மீட்டிங் கூட்டியாகணும். மும்பையில மட்டும்தான்னு இல்ல, ஊர் ஊரா நடக்கும், சென்னையிலயும் நடந்திருக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கூடுறவங்க அன்றாட வேலைய எப்படிப் பாப்பாங்கன்னு நீங்க கேக்கலாம், அதுக்குத்தான் போர்டோட கமிட்டின்னு சின்னதா ஒண்ணு வாராவாரம் கூடுது. ரிசர்வ் பேங்கோட வாராந்திர கணக்கு அங்கதான் பாஸ் ஆகும்: எவ்வளவு நோட்டு புழக்கத்துல இருக்கு, எவ்வளவு தங்கம், வெளிநாட்டுச் சொத்து எவ்வளவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அன்னியச் செலாவணி கையிருப்பு இவ்வளவுன்னு டிவில ஓடுதே, அந்தப் புள்ளிவிவரம் வர்றதும் இந்த வாரக் கணக்கு ஓட்டத்துலதான். இதுபோக ஆடிட்டுக்கு ஒரு சப் கமிட்டி, ஸ்டாஃப் விஷயத்துக்கு ஒண்ணு, கட்டடத்துக்கு ஒண்ணு, கம்ப்யூட்டர் விஷயத்துக்கு ஒண்ணு. பேங்குகளை மேற்பார்வை பாக்க 1994 நவம்பர்ல தனியா ஒரு போர்டே போட்டாங்க, அதுலயும் இந்த டைரக்டர்கள்ல நாலு பேரு உண்டு.

பேப்பர்ல வந்த நியூஸ்ல என்ன இருந்துச்சுன்னு நீங்க எழுதலன்னாலும் எனக்குத் தெரியும், "உலக, உள்நாட்டுப் பொருளாதார நிலவரத்தை ஆய்வு செய்தனர், சில துறைகளின் செயல்பாட்டையும் பரிசீலித்தனர், இன்னார் இன்னார் கலந்துகொண்டனர்"னு நாலு வரி. படிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா அந்த நாலு வரிக்குள்ள என்ன வருதுன்னு உதாரணத்தோட சொல்றேன், அப்பதான் உங்க லெட்டர் ஏன் அங்க போகலங்கறதும் புரியும்.

2025 மே மாசத்த எடுத்துக்குவோம். 15ஆம் தேதி போர்டு கூடி ஒரு விதிமுறைய மாத்துனாங்க: ஆபத்துக் காலத்துக்குன்னு ரிசர்வ் பேங்க் தன்னோட பேலன்ஸ் ஷீட்ல எத்தன சதவீதம் ஒதுக்கி வைக்கணும்ங்கற வரம்பு. முன்னாள் கவர்னர் பிமல் ஜலான் தலைமையிலான கமிட்டி சொன்னபடி அது 5.5ல இருந்து 6.5 சதவீதத்துக்குள்ள இருந்துச்சு, அத 4.5ல இருந்து 7.5னு அகலப்படுத்துனாங்க. எட்டு நாள் கழிச்சு 23ஆம் தேதி 616ஆவது மீட்டிங், ஒதுக்கீட்ட 6.5ல இருந்து 7.5க்கு ஏத்திட்டு, மிச்ச உபரி 2,68,590 கோடி ரூபாய மத்திய அரசுக்குக் குடுக்க ஒப்புதல். முந்தின வருஷம் இதே வேலைய 608ஆவது மீட்டிங்ல செஞ்சப்ப 2,10,874 கோடி, அதுக்கு முந்தின வருஷம் 87,416 கோடி. ஒவ்வொரு மே மாசமும் வழக்கமா வர்ற அஜெண்டா ஐட்டம்தான், கணக்க ஏத்துக்கறது, ஒதுக்குறது, மிச்சத்தக் குடுக்கறது. வீட்டுல பெரிய வரவு வந்ததும் ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு கொஞ்சம் எடுத்து வச்சிட்டு மிச்சத்தப் பெரியவர் கையில குடுக்கற மாதிரின்னு வைங்க, ஆனா அந்த எடுத்து வைக்கறதுல அரை சதவீதம் கூடினாலும் குறைஞ்சாலும் அரசு பட்ஜெட்டுல பத்தாயிரம் கோடிக் கணக்குல வித்தியாசம் வரும். அதனாலதான் இத "ரொட்டீன்"னு சொல்லி யாரும் கண்ண மூடிக் கையெழுத்துப் போட்டுடக்கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

இன்னும் சிலது. ரிசர்வ் பேங்க் கணக்கு வருஷம் முன்னாடி ஜூலை டு ஜூன், அத அரசோட ஏப்ரல் டு மார்ச்சுக்கு மாத்தலாம்னு 2020 பிப்ரவரி 15 போர்டு மீட்டிங்ல சிபாரிசு பண்ணுனாங்க, அதனால 2020-21 கணக்கு ஒன்பது மாசத்துக்கே முடிஞ்சுது. 2019 மே மாசம் சென்னையில நடந்த மீட்டிங்ல, பேங்குகளை மேற்பார்வை பாக்கறதுக்குன்னே தனி அதிகாரிங்க அணிய உருவாக்கலாம்னு முடிவு. நோட்டு டிசைன் மாத்துறதா இருந்தா போர்டு சிபாரிசு பண்ணணும், அரசு ஒப்புதல் தரணும். வட்டி விகிதம் மட்டும் இந்தப் போர்டு வேலை இல்ல, அது 2016ல வந்த ஆறு பேரு கொண்ட பணக் கொள்கைக் குழுவோடது, ஆனா அந்த ஆறுல ஒரு அதிகாரிய நியமிக்கிறது இந்தப் போர்டுதான்.

பாத்தீங்களா, எல்லாமே நிறுவனத்தோட கணக்கு, ஆளு, கட்டடம், விதி. ஒரு பிராஞ்ச் ஒரு கஸ்டமர்கிட்ட செஞ்ச தப்ப விசாரிக்கிற கோர்ட்டு மாதிரி வேலை அங்க இல்ல.

லோக்கல் போர்டுக்கு எழுதலாமான்னு கேட்டீங்க. தெற்கு மண்டலத்துக்கு ஒண்ணு இருக்கு, அஞ்சு பேரு வரைக்கும் மெம்பர். ஆனா அவங்க வேலை மத்திய போர்டு கேக்கற விஷயத்துக்கு ஆலோசனை சொல்றது, ஒப்படைச்ச வேலையச் செய்யறது, அவ்வளவுதான். அவங்களுக்கு எழுதினா நல்ல மனுஷரா இருந்தா சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட்டுக்குத் தள்ளி விடுவாரு. நீங்க நேரா அந்த டிபார்ட்மென்ட்டுக்கே போகலாமே.

இப்ப செய்ய வேண்டியது. நான் 22 வருஷமா பேங்க் வேலையில இருக்கேன், அதுல பாதிக்கு மேல கம்ப்ளைன்ட் ஃபைல் பாத்தவன், அதனால இத அழுத்தியே சொல்றேன்: பிராஞ்ச்ல நின்னு வாயால சண்டை போட்டது கம்ப்ளைன்ட் ஆகாது. எழுத்துல குடுக்கணும். ஒரு பேப்பர்ல அக்கவுண்ட் நம்பர், பணம் போன ரெண்டு தேதி, பாஸ்புக்ல அந்த வரியில என்ன எழுதியிருக்கோ அத அப்படியே காப்பி பண்ணி எழுதுங்க. அதுக்குக் கீழ மூணு விஷயம் கேளுங்க: நான் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் ஃபார்ம் நகல் வேணும், அது இல்லன்னா ரெண்டு வருஷப் பணத்தையும் திருப்பிப் போடணும், இனிமே இந்த ஆட்டோ டெபிட்ட நிறுத்தணும். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல தேதியோட பிராஞ்ச் சீல் வாங்குங்க, சீல் போட மாட்டேன்னா பேங்கோட கம்ப்ளைன்ட் ஈமெயிலுக்கோ வெப்சைட்டுக்கோ போட்டு நம்பர் வாங்கிக்குங்க. அந்த முதல் கேள்வியிலதான் உயிர் இருக்கு. ஒரு தடவ இதே மாதிரி ஒரு பூக்கார அம்மா கேஸ்ல ஃபார்ம தேடிப் பாத்தா, பேரு இருக்கு, நாமினி இருக்கு, கையெழுத்து இடம் வெறுமையா இருக்கு. டார்கெட் முடிக்க யாரோ நிரப்பி வச்சது. ஒரே வாரத்துல பணம் திரும்புச்சு. அந்த அம்மாவுக்கு அது நாலு நாள் வருமானம், எனக்கு இன்னைக்கும் அந்த வெத்து இடம் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஆனா ஒண்ணு, யோனோ மாதிரி பேங்க் ஆப், நெட் பேங்கிங், எஸ்எம்எஸ்னு ஏதாவது வழியில நீங்களோ வீட்டுல யாராவதோ தெரியாம ஓகே குடுத்திருந்தா அதுவும் ஒப்புதல்னுதான் காட்டுவாங்க, அதனால முதல்ல வீட்டுப் பசங்ககிட்ட கேட்டுடுங்க. அந்த இன்சூரன்ஸ் வேணுமா வேண்டாமாங்கறதும் உங்க முடிவு, 436 ரூபாக்கு 2 லட்சம் கவர் மோசமில்ல, கேக்காம எடுத்ததுதான் தப்பு.

30 நாள் பாருங்க. பதில் வரல, இல்ல பதில் திருப்தியா இல்லன்னா, ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட, அதாவது பேங்க் மேல வர்ற கம்ப்ளைன்ட்ட விசாரிக்கிற அதிகாரிகிட்ட போகலாம். காசு எதுவும் கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம், சொல்லப்போனா வக்கீல் மூலமா போட்டா எடுத்துக்கவே மாட்டாங்க. ரிசர்வ் பேங்கோட சிஎம்எஸ்ங்கற கம்ப்ளைன்ட் போர்ட்டல்ல ஆன்லைன்ல போடலாம், இல்ல சண்டிகர்ல இருக்கிற அவங்க மையத்துக்குத் தபால்ல அனுப்பலாம், சந்தேகம்னா 14448க்கு ஃபோன் பண்ணிக் கேக்கலாம். பேங்குக்கு எழுதின கம்ப்ளைன்ட் காப்பி இல்லாமப் போட்டா முதல் படியிலயே தள்ளுபடி ஆயிடும், நேரா மும்பைக்குப் போட்ட உங்க லெட்டருக்கும் இதே பிரச்சனை வந்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

அந்தப் பழைய லெட்டர் என்னாச்சுன்னு தெரிஞ்சே ஆகணும்னா ஆர்டிஐ போடுங்க. ரிசர்வ் பேங்கும் தகவல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான், 10 ரூபா ஃபீஸ், 30 நாள்ல பதில். 2016 நவம்பர் 8 சாயங்காலம் டெல்லியில போர்டு கூடி நோட்டு செல்லாததாக்க சிபாரிசு பண்ணுச்சே, அந்த மீட்டிங் மினிட்ஸே 2019ல ஆர்டிஐ வழியாத்தான் ஜனங்க கைக்கு வந்துச்சு, கருப்புப் பணம் பெரும்பாலும் தங்கமாவும் நிலமாவும்தான் இருக்குன்னு அதுல பதிவாயிருந்துச்சு. உங்களுக்கு மினிட்ஸ் தேவையில்ல. "இந்தத் தேதியில இந்த ரிஜிஸ்டர் நம்பர்ல வந்த தபால் எந்தத் துறைக்குப் போச்சு, என்ன நடவடிக்கை, அந்தக் குறிப்போட நகல் வேணும்"னு ரெண்டே வரி எழுதுங்க. ஏன் எடுக்கலன்னு காரணம் கேக்காதீங்க, இருக்கிற ரெக்கார்டத்தான் குடுப்பாங்க, விளக்கம் எழுதித் தர மாட்டாங்க. தபால் ரசீத பத்திரமா வச்சிருக்கீங்கல்ல? அந்த நம்பர் இருந்தாத்தான் தேட முடியும்.