கையை எடுத்தால் அணையும் இன்டிகேட்டர்: பழைய அம்பாசிடரில் ஸ்விட்ச் மாற்றும் முறை

கேள்வி: எங்கள் வீட்டில் 1985 மாடல் அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல் வண்டி இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலைக்குத் தினமும் ஓடுகிறது. இடது இன்டிகேட்டர் லிவரைக் கையால் பிடித்திருந்தால்தான் எரிகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. வலது பக்கம் மழை நாளில் படபடவென்று அடிக்கிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. ஸ்விட்ச் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதால் புது ஸ்விட்ச் வாங்கினேன். அதன் வயர் நிறங்கள் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துவரவில்லை. வீட்டிலேயே மாற்றலாமா? (களியக்காவிளை வாசகர்)

பதில்: தாராளமாக மாற்றலாம், அரை நாள் வேலைதான். ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. இடது பக்கத்துக்கு ஸ்விட்ச் காரணம். வலது பக்கக் கோளாறுக்கும் ஸ்விட்சுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்விட்சை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு வலது இன்டிகேட்டர் மறுபடி படபடக்கும், புது ஸ்விட்சும் டூப்ளிகேட் என்று அதன் மேல் பழி விழும்.

கரண்ட் போகும் பாதையைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து இக்னிஷன், ஃப்யூஸ், ஃப்ளாஷர் (விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பாகம்), அதன் பிறகு ஸ்விட்ச், பல்பு, கடைசியில் பாடி எர்த், அதாவது வண்டியின் உலோக உடல் வழியே பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை. ஃப்யூஸும் ஃப்ளாஷரும் இரண்டு பக்கத்துக்கும் பொது, அதனால் அவை போனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே போகும். மழையில் மட்டும் ஒரு பக்கம் வேகமாக அடிக்கிறது என்றால் அந்தப் பக்க பல்பு ஒன்றுக்கு எர்த் கிடைக்கவில்லை. முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட், ஆக 42 வாட் சுமைக்குத்தான் ஃப்ளாஷர் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு பல்பு விட்டுப்போனால் எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வேகத்தைக் கூட்டும். பழைய அலுமினியக் குப்பி ஃப்ளாஷராக இருந்தால் தாளம் தப்பும், அல்லது அடிக்காமலே நின்றுவிடும்.

இதை உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும். மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம், பின் விளக்கின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வலது இன்டிகேட்டரைப் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து, விளக்கின் உலோக ஹோல்டரில் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் அடிப்பு நிதானமானால் எர்த்தான் கோளாறு. முன் விளக்கிலும் இதையே செய்யுங்கள். இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர் உங்களுடையது, கடல் காற்றும் பக்கத்தில். ஹோல்டர் பாடியில் உட்காரும் இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, ஹோல்டரிலிருந்து பாடி போல்ட் ஒன்றுக்கு 1 சதுர மி.மீ. வயரைத் தனி எர்த்தாக இழுத்துவிடுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். வலது பக்க வேலை முடிந்தது.

இனி இடது பக்கம். லிவரைப் பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் உள்ளே லிவரை நிறுத்திவைக்கும் பள்ளம் தேய்ந்திருக்கிறது, அல்லது கான்டாக்ட் தகடு தளர்ந்திருக்கிறது. இதைச் சரிசெய்து ஓட்டுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. தகட்டை வளைத்துவிட்டால் சில வாரம் ஓடும். தேய்ந்த பள்ளத்துக்கு மருந்து கிடையாது.

வாங்கிய ஸ்விட்சை மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதியுங்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இன்று கடையில் கிடைப்பதில் நகல்கள் ஏராளம், தரமும் ஒன்றுபோல் இருக்காது. ஆக்கர் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை) கழற்றியெடுத்த அசல் ஸ்விட்ச் நல்ல நிலையில் கிடைத்தால் சில சமயம் அதுவே மேல். லிவரை இரண்டு பக்கமும் இருபது தடவை போட்டு எடுங்கள். ஒவ்வொரு தடவையும் 'டக்'கென்று உட்கார வேண்டும்.

நிறம் ஒத்துவராததைப் பற்றிக் கவலை வேண்டாம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். லிவர் நடுவில் இருக்கும்போது இன்டிகேட்டர் வயர்களில் எந்த இரண்டுக்கும் பீப் வரக்கூடாது. லிவரை இடது பக்கம் போட்டு எந்த ஜோடி பீப் அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வலது பக்கம். இரண்டு ஜோடியிலும் வரும் வயர்தான் பொது வயர், ஃப்ளாஷரிலிருந்து வருவது அதில்தான் சேர வேண்டும். மற்ற இரண்டும் இடது, வலது. மூன்றிலும் மாஸ்கிங் டேப் சுற்றிப் பெயர் எழுதுங்கள். அப்படியே மீட்டரை ஓம் நிலைக்கு மாற்றி, மீட்டர் வயரின் சொந்த எதிர்ப்பைக் கழித்துப் பாருங்கள். ஸ்விட்ச் மூடியிருக்கும்போது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 0.3 ஓம் காட்டினால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். 42 வாட் என்றால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். அந்தக் கரண்டில் 0.3 ஓம் ஏறக்குறைய 1 வோல்ட்டைத் தின்றுவிடும். 1 வோல்ட் குறைந்தால் பல்பு வெளிச்சத்தில் கால் பங்கு போய்விடும், ஸ்விட்சும் சூடாகி உருகத் தொடங்கும்.

ஸ்விட்சில் ஹாரன், டிப்பர் (ஹெட்லைட்டைத் தாழ்த்தும் ஸ்விட்ச்) வயர்களும் சேர்ந்திருந்தால் அவற்றையும் இதேபோல் பட்டனை அழுத்தி அழுத்திக் கண்டுபிடித்து எழுதிவையுங்கள்.

வண்டிப் பக்கத்து வயர்களுக்கு, லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் முறைப்படி, ஒரு நிறக் கணக்கு உண்டு. ஃப்ளாஷரிலிருந்து ஸ்விட்சுக்கு வருவது இளம்பச்சையில் பழுப்புக் கோடு, இடது விளக்குக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு. நாற்பது வருட வண்டியில் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. யாரோ எங்கோ கையில் கிடைத்த வயரை ஒட்டுப்போட்டிருப்பார்கள். பழைய ஸ்விட்சின் வயர்களைப் பிரித்த பிறகு இக்னிஷனைப் போட்டு, டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை பாடியில் மாட்டி ஒவ்வொரு வயராகத் தொடுங்கள். லேம்ப் எரிவது ஃப்ளாஷர் வயர் (ஹாரன் வயரிலும் கரண்ட் இருக்கக்கூடும், முதலில் அதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்). ஃப்ளாஷர் வயரை மற்ற இரண்டில் ஒன்றோடு தொட்டால் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்த வயர் அந்தப் பக்கத்துடையது. இந்தச் சோதனைக்கு மட்டும்தான் பேட்டரி இணைப்பு வேண்டும். கழற்றும்போதும் மாட்டும்போதும் நெகட்டிவ் டெர்மினல் விலகியே இருக்கட்டும்.

கழற்றும் முன் முன்சக்கரங்களை நேராக்குங்கள். பழைய ஸ்விட்சையும் வயர்களையும் போனில் நான்கைந்து கோணத்தில் படம் எடுங்கள். ஸ்டியரிங் காலத்தின் (வீலுக்குக் கீழே தண்டைச் சுற்றியுள்ள குழாய்) மூடியைக் கழற்றியதும் ஸ்விட்சின் திருகுகள் கைக்கு எட்டினால் ஸ்டியரிங் வீலைத் தொடவே வேண்டாம். எட்டாவிட்டால்தான் வீலை எடுக்க வேண்டும். ஹாரன் மூடியைக் கழற்றி, நடு நட்டைத் தளர்த்தி, வீலுக்கும் தண்டுக்கும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று மரை பிடித்திருக்கும்படி விட்டு, புல்லரால் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) இழுங்கள். முழுதாகக் கழற்றிவிட்டுக் கையால் இழுத்தால் வீல் திடீரென்று கழன்று நேரே முகத்துக்கு வரும். தண்டின் நுனியில் சுத்தியலால் அடிப்பதும் வேண்டாம், மரை நசுங்கினால் நட்டு திரும்ப ஏறாது.

திருப்பம் முடிந்ததும் தானாக நடுவுக்குத் திரும்பும் லிவர் என்றால், அதைத் தட்டித் திருப்பும் தண்டிலுள்ள கேம் மேட்டைப் பாருங்கள். சக்கரம் நேராக, லிவர் நடுவில் இருக்கும்போது அந்த மேடு ஸ்விட்சின் இரண்டு நாக்குக்கும் சரிநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் வலது திருப்பத்தில் திரும்பும் லிவர் இடது திருப்பத்தில் திரும்பாது. லிவர் நடுவில் இல்லாதபோது வீலை மாட்டி இறக்கினால் நாக்கு அப்போதே முறிந்துவிடும். புது ஸ்விட்சுகள் சாவதற்கு இதுதான் பெரிய காரணம்.

வயர் இணைப்புக்கு வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் ஆகாது. இந்த ஈரத்தில் டேப்பின் பசை கரைந்து வழியும். பழைய புல்லட் கனெக்டரின் (குண்டு வடிவ முனையைச் செருகும் வயர் இணைப்பு) ரப்பர் உறைக்குள் பச்சை பூத்திருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஈயம் வைத்துப் பற்றி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள், அல்லது புது புல்லட் அழுத்துங்கள். கான்டாக்டைப் பெட்ரோல் தொட்டுத் துடைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆவி அடங்கும் முன் ஒரு பொறி கிளம்பினால் போதும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயே போதுமானது.

மூடியைத் திருகும் முன் இன்னொரு வேலை. அம்பாசிடரில் கியர் தண்டும் அதே ஸ்டியரிங் காலத்தை ஒட்டித்தான் அசைகிறது. நான்கு கியரையும் ரிவர்ஸையும் போட்டுக்கொண்டே வீலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் எங்கும் மாட்டாமல் இழுபடாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உரசும் இடத்தில் வயர் தோல் உரிந்தால் சில மாதத்தில் ஃப்யூஸ் போகும், காரணம் யாருக்கும் பிடிபடாது.

பேட்டரியை இணைத்ததும் ஒரு பக்கம் ஒழுங்காக அடித்து மறுபக்கம் செத்துக் கிடந்தால் பதறவேண்டாம். ஃப்ளாஷர் வயர் பொது வயரில் சேராமல், ஒரு பக்க விளக்கு வயரோடு இடம் மாறியிருக்கிறது. அந்த இரண்டையும் மாற்றிக்கொடுங்கள். இடது போட்டால் வலது அடித்தால் விளக்கு வயர்கள் இரண்டும் மாறியிருக்கின்றன. ஹாரன் நிற்காமல் கத்தினால் அதன் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. எல்லாம் சரியென்றால் கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள், நிமிடத்துக்கு 60-லிருந்து 120-க்குள் அடிக்க வேண்டும்.

இந்தச் சாக்கில் எல்.இ.டி. பல்பு போட்டுவிடலாமே என்று தோன்றினால், பழைய ஃப்ளாஷரோடு அது ஒத்துப்போகாது. எர்த் முனையுள்ள எலக்ட்ரானிக் ஃப்ளாஷரும் சேர்த்து வாங்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் சேர்ந்திருப்பது) உள்ள ஐம்பதுகளின் பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த ஃப்ளாஷரை அப்படியே மாட்டினால் புகைதான் வரும். உங்கள் வண்டிக்கு அந்தப் பயம் இல்லை. 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது இன்டிகேட்டரையும் போட்டுப் பார்ப்பார்கள், அதற்கு 21 வாட் சாதா பல்பே தாராளம். வேலை முடியும்வரை களியக்காவிளைச் சந்திப்பில் கையைக் காட்டியே திருப்புங்கள்.