நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரம்

கேள்வி: சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் பெரிய பௌத்த விகாரம் இருந்தது என்கிறார்கள். இன்று அங்கே அதன் கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே, அது எப்படி அழிந்தது? (வாசகர், திருவாரூர்)

பதில்: சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் அரசன் சூளாமணிவர்மன் தொடங்கிய அந்த விகாரத்தை, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தையின் பெயரால் கட்டி முடித்தான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடப்படும் அறக்கொடையாக, அளித்தான். பிடியானையை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நாட்டி, 97 வேலிக்கு மேற்பட்ட அந்நிலம் ஒப்படைக்கப்பட்டதை ஆனைமங்கலச் செப்பேடுகள் விரிவாகச் சொல்கின்றன. அவை இராசராசனின் மகன் இராசேந்திரனின் முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்டவை; ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றும் அழைக்கப்படுகின்றன.

இதில் நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 1025 வாக்கில் அதே இராசேந்திரன் ஸ்ரீவிஜய அரசர்களின் ஆட்சியில் இருந்த கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது படையெடுத்த பின்னும் விகாரம் நிலைத்து நின்றது. 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்துத் தூதர்களின் வேண்டுகோளை ஏற்று, பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்ததைச் சிறிய லெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. 15ஆம் நூற்றாண்டில்கூடப் பர்மிய பிக்குகள் நாகப்பட்டினம் வந்து வழிபட்டதைப் பர்மாவிலுள்ள பெகு நகரின் கல்யாணிக் கல்வெட்டு குறிப்பிடுகிறது.

ஐரோப்பியர் 'சீனக் கோயில்' என்று அழைத்த உயரமான செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே நின்றது. அது சூளாமணி விகாரத்தின் பகுதியா, 1267இல் சீனர் எழுப்பியதாகச் சீனப் பயணி வாங் தாயுவான் கூறும் கோபுரமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1846இல் அதைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட், சாந்து இல்லாமல் நெருக்கமாக அடுக்கிய செங்கற்களாலான மூன்று நிலைக் கட்டடம் என்று குறித்து வைத்தார். சென்னை மாகாண அரசின் அனுமதியோடு இயேசு சபையினர் (கத்தோலிக்கத் துறவியர்) 1867இல் அதை இடித்தனர். அது என்ன வகைச் சின்னம் என்று தெரிந்திருந்தும், காக்கும் பொறுப்புடைய அரசே இடிக்க இசைந்தது மன்னிக்க முடியாத பிழை என்றே நான் கருதுகிறேன்.

மண்ணுக்குள் கிடந்தவை மட்டும் தப்பின. 1856 முதல் 1930களுக்குள் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் அவ்வூரில் கிடைத்தன. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆனைமங்கலமும் கீழ்வேளூருக்கு அருகே அதே பெயரோடு இன்றும் இருக்கிறது. திருவாரூரிலிருந்து நாகைக்குப் போகும் வழியில் நீங்களே அங்கு சென்று வரலாம்.