முன்நெற்றியில் மட்டும் ஏன் செம்பு நிறம்?

கேள்வி: எனக்கு 47 வயது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பேருந்தில் ஏற்காட்டுக்குச் சென்று பள்ளியில் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளாக மாதம் ஒருமுறை வீட்டிலேயே கருப்பு கிரீம் டை அடிக்கிறேன். இடையில் நரை தெரிந்தால் மருதாணி வைக்கிறேன். மூன்றாம் வாரமே முன்நெற்றி முடி செம்பு நிறமாகிவிடுகிறது. நுனியோ மைக்கரியாக இருக்கிறது. டை சரியில்லையா, எங்கள் தண்ணீர் சரியில்லையா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, டையில் குறையில்லை, தண்ணீருக்கும் இதில் சிறு பங்குதான். அந்தச் செம்பு நிறம் மூன்றாம் வாரத்தில் புதிதாக வருவதன்று. கருப்புக்கு அடியில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. மேலிருக்கும் கருப்பு கரையக் கரைய அது வெளியே தெரிகிறது.

கிரீம் டையில் உள்ள அம்மோனியா முடியின் மேற்செதில்களைத் திறக்கிறது. உடன் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, உள்ளே நுழைந்த நிறமற்ற சிறு துகள்களை ஒன்றிணைத்துக் கருப்பாக்குவதோடு, உங்கள் சொந்தக் கருமுடியின் இயற்கை நிறமியையும் ஒவ்வொரு முறையும் சற்றே வெளுக்கிறது. ஓர் இழையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கருப்பின் ஊடே பழுப்பு மின்னும். நரைமுடியின் கதை வேறு. அதில் வெளுப்பதற்கு நிறமி இல்லை. அங்கே தெரிவது நீங்கள் வைத்த மருதாணி. மருதாணியின் சாயம் முடியின் புரதத்தோடு பிணைந்து கழுவினாலும் எளிதில் போவதில்லை. டையின் கருப்போ ஒவ்வொரு தலைக்குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது.

நரை மிகுந்த முன்நெற்றியே முகம் கழுவும்போதெல்லாம் சோப்பு படும் இடம். வெயிலை நேராக வாங்கும் இடமும் அதுவே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுவதால், குளிர்காற்றில் வெயில் உறைக்காவிட்டாலும் சாயம் வெளுக்கவே செய்யும். மைதானத்தில் நிற்கும் நேரத்தில் குடையோ முந்தானையோ தலைக்கு மேல் இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் முடியைச் சொரசொரப்பாக்கிப் பொலிவைக் குறைக்கும் என்பதால், கடைசி அலசலுக்கு மட்டும் மேட்டூர்க் குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

நுனி ஏன் மைக்கரி? முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பகுதி ஏறத்தாழ முப்பது முறை டை குடித்திருக்கும். இனிமேல் வேரையொட்டிய ஒன்று, இரண்டு சென்டிமீட்டருக்கு மட்டும் தடவுங்கள். சீப்பால் நுனிவரை இழுக்க வேண்டாம்.

டை, மருதாணி இரண்டையும் மாறி மாறிச் செய்வதை நிறுத்துவதே நல்லது. நான் மருதாணியையும், கருநீலச் சாயம் தரும் செடியான அவுரியையுமே பரிந்துரைப்பேன்: கலப்பில்லாத மருதாணியை இரண்டு மணி நேரம் வைத்து அலசிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் குழைத்த அவுரிப் பொடியை உடனே பூசி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். அலசியதும் பச்சை சாயல் தெரிந்தால் பதற வேண்டாம். காற்றுப்பட்டு இரண்டு நாளில் கருமை கூடும், அதுவரை ஷாம்பு கூடாது.

‘கருப்பு மருதாணி’ என்று விற்கும் பொட்டலத்தை மட்டும் பின்பக்கம் படிக்காமல் வாங்காதீர்கள். பாரா-ஃபீனைலின்டையமின் என்று இருந்தால் அதுவும் ரசாயன டைதான். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்டவருக்கும் அது திடீரென ஒவ்வாமை தரக்கூடும். எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் அந்தப் பொட்டலத்தைத் தலையில் வைக்காமல், அதை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.