மச்சானோட பந்தயமும் 30 லிட்டர் கெக்கும்

கேள்வி: பெங்களூர்ல ஐடி வேலை, சொந்த ஊர் தர்மபுரி. எனக்கும் என் மச்சானுக்கும் ரெண்டு வருஷமா ஒரே சண்டை, சிரிச்சுக்கிட்டே போடற சண்டைதான். அவன் மைக்ரோப்ரூவரில, அதான் அங்கயே பீர் காய்ச்சி ஊத்தற சின்ன இடத்துல, கிராஃப்ட் பீர் மட்டும்தான் குடிப்பான், "பாட்டில் பீர்ல கிளிசரின் போடறாங்க, முழுக்க கெமிக்கல், அதான் மறுநாள் தலைவலி"ம்பான். நான் கிங்ஃபிஷர் ஸ்ட்ராங் ஆளு, ஒரு கிளாஸுக்கு 400 ரூபா குடுக்கறவன் ஏமாளின்னு சொல்வேன். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம், அதுக்கு முன்னாடி என் வீட்ல 20 பேருக்கு பார்ட்டி, யார் சொல்றது தப்போ அவங்க செலவுன்னு பந்தயம். அவனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் 30 லிட்டர் கிராஃப்ட் பீர் கெக், அதாவது பீர் அடைச்ச உலோக பீப்பா, வீட்டுக்கே கொண்டுவந்து தர்றேங்கறார். வாங்கலாமா சார்? மிச்சமானா ஊருக்கு எடுத்துட்டுப் போலாமா?

பதில்: முதல்ல அந்த கெக் வேணாம்னு ஃபோன் பண்ணி சொல்லிடுங்க. பந்தயத்துக்கு அப்புறம் வர்றேன்.

பதினெட்டு வருஷமா பீர் காய்ச்சறேன். முதல் ஏழு வருஷம் பெரிய ஃபேக்டரில, இப்ப ஒரு சின்ன ப்ரூவரில. ரெண்டு வீட்டு உப்பையும் தின்னவன், அதனால ரெண்டு பக்கமும் திட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்கு.

உங்க மச்சானோட கிளிசரின் கதைய எடுத்துப்போம். இதக் கேக்காம எனக்கு ஒரு வாரம் போறதில்ல. பாட்டில் மூடியத் தொறந்து தண்ணி டம்ளர்ல தலைகீழா கவுத்து வெப்பாங்க, உள்ளேர்ந்து எண்ணெய் மாதிரி ஒண்ணு நெளிஞ்சு நெளிஞ்சு இறங்கும், "பாத்தியா, கிளிசரின் எறங்குது"ம்பாங்க. அது கிளிசரின் இல்லீங்க, பீர்தான். மால்ட்லேர்ந்து, அதாவது முளைகட்டிக் காயவெச்ச பார்லிலேர்ந்து, வர்ற சர்க்கரைல ஈஸ்ட்டால தின்ன முடியாத கொஞ்சம் பீர்லயே தங்கிடும், அதனால பீர் தண்ணியவிட துளி கனம், கனமானது கீழ எறங்குது, அவ்ளோதான். சர்பத்த தண்ணில மெதுவா ஊத்திப் பாருங்க, அதே மாதிரிதான் நெளியும். மச்சானோட 400 ரூபா கிளாஸ ஒரு காலி பாட்டில்ல ஊத்தி இதே வித்தைய அவர் முன்னாடியே செஞ்சு காட்டுங்க, அதுலயும் இறங்கும். ஈஸ்ட் தானாவே துளி கிளிசரின் உண்டாக்கும்ங்கறது நெஜம், அது எல்லா பீர்லயும் உண்டு, ஒயின்ல இன்னும் அதிகம், தலைவலிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. காசு குடுத்து வாங்கின பீர்ல பாதிய டம்ளர்ல விட்டுட்டு, மேல ஏறின தண்ணியோட மிச்சத்தக் குடிச்சிட்டு "இப்பதான் சுத்தமா இருக்கு"ங்கறவங்கள என்ன சொல்றது.

கெமிக்கல்? பெரிய கம்பெனி பாட்டில 60 டிகிரி சுடுதண்ணி தெளிக்கற டனல்ல விட்டு கிருமியக் கொல்றாங்க, அப்புறம் எதுக்கு மருந்து போடணும். தெளிவாக்கறதுக்கு ஏதாச்சும் போட்டாலும் ஃபில்டர்ல போயிடும். சின்ன ப்ரூவரில நாங்க மட்டும் யோக்கியமா? டேங்கர் தண்ணிய ஆர்.ஓ. பண்ணி அதுல ஜிப்சம், கால்சியம் குளோரைடு எல்லாம் நானே என் கையால எடை போட்டுத்தான் கலக்கறேன், இல்லன்னா பீர் சப்புன்னு இருக்கும். இதுல பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா "எங்களுது நேச்சுரல்"னு ப்ரூவரில ஒருத்தர் மார் தட்டினா அவர் சேல்ஸ்ல இருக்கார்னு அர்த்தம்.

தலைவலிக்கு வர்றேன், இங்கதான் ரெண்டு பேரும் கணக்குல கோட்டை விட்டீங்க. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரைக்கும் போகும். 650 மில்லி பாட்டில்னா அதுல 52 மில்லி சுத்த ஆல்கஹால். மச்சான் குடிக்கறது 330 மில்லி கிளாஸ், 5 சதவீதம்னு வெச்சுக்கோங்க, பதினாறரை மில்லி. ஆக நீங்க ஒரு பாட்டில் முடிக்கறப்ப அவர் மூணு கிளாஸ் தாண்டணும். நீங்க ரெண்டு பாட்டில் குடிச்சிட்டு, அவர் ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு, காலைல எழுந்து யாருக்குத் தலை வலிக்குதுன்னு ஒப்பிட்டுப் பாத்தா என்ன நியாயம்? அதே ப்ரூவரில பெல்ஜியன் ட்ரிப்பிள்னு போர்டுல எழுதியிருப்பாங்க, அது 8 வரைக்கும் வரும், அத மச்சானுக்கு நாலு கிளாஸ் வாங்கிக் குடுங்க, மறுநாள் அவரும் தலைல ஈரத்துண்டோடதான் உக்காந்திருப்பார்.

அப்ப வித்தியாசமே இல்லயான்னா, இருக்கு. பெரிய கம்பெனி லாகர்ல, அதாவது குளிர்ல மெதுவா புளிக்க வெக்கற சாதா மஞ்சள் பீர்ல, மால்ட்டோட அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை சேப்பாங்க, செலவு குறையும், பீர் வாய்க்கு லேசாகும், கசப்பு நாக்கத் தொட்டும் தொடாமயும் போகும், ஐஸ் மாதிரி குடிக்கறதுக்குன்னே செஞ்சது அது. கிராஃப்ட்ல முழு மால்ட், ஜெர்மனிலேர்ந்தும் அமெரிக்காவோட யாகிமா பக்கத்துலேர்ந்தும் வர்ற ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் குடுக்கற பூ), ஈஸ்ட்டுக்கு ஈஸ்ட் வேற வேற வாசனை. கோதுமை பீர்ல வாழைப்பழ வாசனை வருதே, எசன்ஸ்னு நெனைக்காதீங்க, அந்த ஈஸ்ட் பண்ற வேலை. விலை ஏன் அப்படின்னா, ஆயிரம் லிட்டர் காய்ச்சவும் எனக்கு ஒரு முழு நாள், லட்சம் லிட்டர் காய்ச்சறவங்களுக்கும் அதே நாள்தான்.

ஆனா கிராஃப்ட்ங்கற பேரப் பாத்து மயங்காதீங்க. அமெரிக்காவுல ப்ரூவர்ஸ் அசோசியேஷன்காரங்க வெச்சிருக்கற வரம்பே வருஷத்துக்கு 60 லட்சம் பேரல், நம்ம கணக்குல 70 கோடி லிட்டர் சுமார், இது சின்னதாம்! கூஸ் ஐலேண்ட்னு சிகாகோவுல புகழ்பெற்ற கிராஃப்ட் கம்பெனி, 2011ல பட்வைசர்காரங்களே வாங்கிட்டாங்க. லகுனிடாஸ் 2017லேர்ந்து முழுசா ஹெய்னெகன் கைல. உங்க கிங்ஃபிஷர் செய்யற யுனைடெட் ப்ரூவரிஸும் 2021லேர்ந்து அதே ஹெய்னெகன் கட்டுப்பாட்டுலதான். மச்சான் எங்கயாச்சும் ஃபாரின் போயி லகுனிடாஸ் குடிச்சிட்டு வந்து பெருமை அடிச்சார்னா, "நீயும் நானும் ஒரே முதலாளிக்குத்தான்டா காசு குடுக்கறோம்"னு சொல்லிடுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் மச்சான் பக்கம் நிக்க மாட்டேன், அது லாகர். பொதுவா எங்களுதுல ருசி அதிகம்னு சொல்வேன், கோதுமை பீர், ஐ.பி.ஏ., ஸ்டவுட்னு எதுல வேணா மோதலாம், ஆனா சாதா மஞ்சள் லாகர்ல பல சின்ன ப்ரூவரிங்க பெரிய கம்பெனிகிட்ட தோத்துடறோம், காரணம் டேங்க். ஏல், அதாவது கொஞ்சம் சூட்டுல சீக்கிரம் புளிக்கற பீர் வகை, ரெண்டு வாரத்துல டேங்க விட்டு எறங்கிடும், லாகருக்கு ஒரு மாசம், சில சமயம் அதுக்கு மேலயும் குளிர்ல படுக்கணும். ஓனர் சும்மா விடுவாரா, வெள்ளிக்கிழமை கூட்டம் வருது, பீர் ஊத்தற குழாய் காலியா இருக்கேம்பார். லாகர் புளிச்சு முடியறப்ப கடைசி ரெண்டு நாள் கொஞ்சம் சூட்டுல விட்டாதான், ஈஸ்ட் தானே உண்டாக்கின வெண்ணெய் வாசனைய தானே திருப்பித் தின்னும், அந்த ரெண்டு நாளத்தான் அவசரத்துல முழுங்கிடுவாங்க. உங்களுக்கு ஃபார்முலா எல்லாம் வேணாம், வாய்ல வெச்சதும் தியேட்டர் பாப்கார்ன் ஞாபகம் வந்தா அது அவசரமா எறக்கின லாகர், திருப்பிக் குடுங்க. வெயிட்டர் "கிராஃப்ட்னா அப்படித்தான் சார் இருக்கும்"பார். இருக்காது. ஃபேக்டரில இந்த வாசனை வந்தா பேட்ச்ச அப்படியே நிறுத்தி வெச்சிருப்போம், அங்க லேப், இங்க என் மூக்கு மட்டும்தான், அதுக்கும் ஓனர்கிட்ட மதிப்பில்ல.

சரி, கெக். "ப்ரூவரில தெரிஞ்ச ஆள் இருக்கார்"ங்கற ஆசாமிங்க மேல எனக்குக் கொலவெறி. மைக்ரோப்ரூவரி லைசென்ஸ் பொதுவா அங்கயே குடிக்கறதுக்குத்தான், வெளிய அனுப்ப வேற லைசென்ஸ், வேற பேப்பர். அப்ப காரோட டிக்கில வர்ற கெக் எங்கேர்ந்து வருது? மூணு வருஷம் முன்னாடி ஒரு பார்ட்டில எனக்கே "ஸ்பெஷல் கிராஃப்ட் சார்"னு ஒரு டம்ளர் நீட்டினாங்க, ஒரு வாய்லயே தெரிஞ்சுது, கடைல கிடைக்கற சாதா ட்ராஃப்ட் பீர், அதுவும் பழசு, விலை மட்டும் மூணு மடங்கு. கெக் மேல தேதியும் இல்ல பேட்ச் நம்பரும் இல்ல, கேட்டா "ஃப்ரெஷ் சார், இன்னிக்கு காலைலதான்"னு ஒரே பல்லவி. சரக்கு நெஜமாவே நல்லதா இருந்தாலும் அவங்க குடுக்கறது கை பம்ப்பு, அது உள்ள காத்த அடிக்கும், காத்து பட்ட பீர் மறுநாளே ஈர அட்டை வாசனை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், சுத்தமான குழாய், எறக்கற வரைக்கும் விடாத குளிர், இதெல்லாம் உங்க அபார்ட்மென்ட் பால்கனில யார் பாக்கறது? பில் கேளுங்க, பர்மிட் கேளுங்க, ஆள் ஃபோன கட் பண்ணிடுவார், பிரச்சனை தீந்துச்சு.

இந்த ஆளுங்க முளைக்கறதுக்குக் காரணம் நம்ம எக்ஸைஸ் சட்டம்தான். மாநிலத்துக்கு மாநிலம் தனி வரி, தனி லேபிள் ரிஜிஸ்ட்ரேஷன், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கோடி பாட்டில் விக்கறவங்களுக்கு அது சுண்டைக்காய், சின்ன ஆளுக்கு ஒரு வருஷ லாபம். ஆல்கஹால் அளவ வெச்சுக் கணக்குப் போட்டா பல இடத்துல பிராந்தியவிட பீருக்குத்தான் வரி உறைக்குதுன்னு தொழில்ல இருக்கறவங்க தொண்டை கிழிய கத்தியாச்சு, யார் காதுல விழுது. அதனாலதான் ஜனம் ஸ்ட்ராங்குக்கு ஓடுது, குடுக்கற காசுக்கு ஏறணும்ல, அதுக்கு உங்களத் திட்டி என்ன பிரயோஜனம்.

ஊருக்கு எடுத்துட்டுப் போறது, பேச்சுக்கே இடமில்ல. அத்திப்பள்ளி தாண்டி ஓசூர்ல கால் வெச்சா தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், பர்மிட் இல்லாம வெளிமாநில சரக்கு கொண்டு வர்றது குற்றம். ரெண்டு பாட்டில்னா விட்டுடுவாங்க, பில் இருந்தா போதும்னு ஆளாளுக்கு சொல்வாங்க, அப்படிச் சொல்றவங்க யாரும் ஸ்டேஷனுக்கு வந்து உங்க கூட உக்கார மாட்டாங்க. கல்யாண வீட்ல இந்தத் தலைவலி வேற எதுக்கு.

பாட்டில் வாங்கறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு, தேதி. பிராண்ட அப்புறம் பாருங்க. எக்ஸ்பயரி ஆறு மாசம்னு போட்டிருந்தாலும் காய்ச்சி ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கறதா எடுங்க, கிராஃப்ட் பாட்டில்னா கண்டிப்பா. கடைக்காரர் முன்னாடி அடுக்கி வெச்சிருக்கறது எப்பவும் பழசு, சலிச்சுக்கிட்டாலும் பின்னாடி பெட்டிலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் வெளிச்சத்துல நின்னிருந்தா தொடாதீங்க, வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் நாறிடும், ப்ரௌன் பாட்டில்தான் தாங்கும்.

இப்ப பந்தயம். கோதுமை பீரையும் ஸ்ட்ராங்கையும் பக்கத்துல வெச்சா சளி புடிச்சவன் கூட கண்டுபிடிப்பான், அது போட்டியில்ல. கம்பெனி மைல்டு லாகர் ஒண்ணு, கிராஃப்ட் லாகர் பாட்டில் ஒண்ணு, ரெண்டும் ஒரே ஃப்ரிட்ஜ்ல ஒரே நேரம் வெச்சது. ஊத்தறது மூணாவது ஆள், நிறம் தெரியாம ஸ்டீல் டம்ளர்ல, 30 மில்லி போதும். மூணு டம்ளர்ல ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற, தனியா இருக்கறது எதுன்னு சொல்லணும். குருட்டாம்போக்குல சொன்னாலே மூணுல ஒரு தடவை சரியா வரும், அதனால ஒரு ரவுண்டோட நிறுத்தாதீங்க, ஆறு ரவுண்டு. அஞ்சு சரியா சொன்னா அந்த ஆளுக்கு நெஜமாவே நாக்கு இருக்கு. நடுவுல பச்சத் தண்ணியும் பொரியும் மட்டும், காரா மிக்சர் வேணாம், நாக்கு செத்துடும். ரெண்டு பேரும் கோட்டை விட்டா செலவு பாதி பாதி, என் அனுபவத்துல பெரும்பாலும் அப்படித்தான் முடியும். வந்தவங்க வண்டி சாவிய எல்லாம் முதல்லயே உங்க வீட்டம்மாகிட்ட குடுத்துடுங்க, ஊத்த ஆரம்பிச்சப்புறம் கேட்டா எவனும் தர மாட்டான்.