ஜப்பானில் பள்ளியிலும் வீட்டிலும் சாப்பாட்டு முறை எப்படி இருக்கும்?

ஜப்பானியப் பிள்ளைகள் தாங்களே பரிமாறி, மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள், தினமும். என் மகள் டோக்கியோவில் அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கிறாள். பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று அழைத்த நாளில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

அந்த வாரம் முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, மாஸ்க் மாட்டிக்கொண்டு பாத்திரங்களை வகுப்புக்கே கொண்டுவந்தார்கள். சூப் ஊற்றிய பையன் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினான். இல்லாவிட்டால் முதலில் நிற்பவனுக்கு வெறும் தண்ணீர், கடைசி ஆளுக்குக் காயெல்லாம் போய்விடும். அத்தனை சின்ன வயதில் இந்தப் பொறுப்பைப் பார்த்து அசந்துபோனேன். ஆசிரியருக்கும் அதே சாப்பாடு, அதே அறை. எல்லோருக்கும் வந்த பிறகுதான் கைகூப்பி ‘இதடாகிமாஸ்’ (பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்) சொல்லித் தொடங்குகிறார்கள். அவ்வளவு வேண்டாம் என்பவர்கள் வாய் வைக்கும் முன்பே குறைத்துக்கொள்ளலாம். மிச்சம் வராததற்குப் பாதிக் காரணம் அதுதான். மீந்ததற்குப் போட்டி வந்தால் கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடி முடிவு செய்கிறார்கள். குடித்து முடித்த பால் அட்டைப்பெட்டியைக் கழுவி, பிரித்து, காயவைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அந்த அங்கி வீட்டுக்கு வரும். துவைத்து இஸ்திரி போட்டுத் திங்களன்று கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் அதை வேறொரு பிள்ளை போடும்.

1889-ல் யாமகத்தா மாநிலத்தின் சுருஓகாவில், கோயிலில் நடந்த ஒரு பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்புமீனும் ஊறுகாயும் கொடுத்ததைத்தான் பள்ளி உணவின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1954-ல் வந்த பள்ளி உணவுச் சட்டம், பசி தீர்ப்பதோடு நிற்காமல், நல்ல உணவுப் பழக்கத்தை வளர்ப்பதையும் நோக்கமாக எழுதிவைத்தது. 2005-லிருந்து ஊட்டச்சத்து ஆசிரியர் என்று தனிப் பதவியே இருக்கிறது.

வீட்டிலும் கைகூப்பல் உண்டு. சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், மிசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுது கரைத்தது) வலப்பக்கம். கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடுவதுதான் அங்கே மரியாதை. ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணமும் சாப்பிடும் குச்சிகளும் தனியாக இருக்கும். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால் இரண்டை மட்டும் மறக்காதீர்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக்கூடாது; இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றக்கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுக்கிறார்கள்.

சைவக் குடும்பம் என்றால் ஒரு வார்த்தை. மிசோ சூப்பில் மீன் துண்டு கண்ணில் படாது, ஆனால் அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்ததுதான். ஒவ்வாமைக்குப் பள்ளிகள் மாற்று ஏற்பாடு செய்வது போலச் சைவத்துக்கு எல்லா இடத்திலும் செய்வதில்லை. மாதா மாதம் வரும் உணவுப் பட்டியலில் பொருட்கள் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பலாமா என்று சேர்க்கைக்கு முன்பே பள்ளியில் பேசிவிடுங்கள்.