ஜெபத்தைக் கடவுள் கேட்கிறார் என்றால் அப்பாவுக்கு ஏன் இன்னும் சுகம் இல்லை?

கேள்வி: "அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. டயாலிசிஸ் நடக்கிறது. குடும்பமாக உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம், எந்த மாற்றமும் இல்லை. உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். கடவுள் உண்மையிலேயே ஜெபத்தைக் கேட்டுப் பதில் தருகிறாரா?"

கேட்கிறார் என்று நம்புகிறேன். அதை நிரூபித்துக் காட்ட என்னால் ஆகாது. ஆனால் அந்த ஜெபக்கூட்டத்துக்காரர் சொன்னது தவறு என்பதை அவர் கையில் வைத்திருக்கும் வேதாகமத்தைக் கொண்டே காட்டிவிடலாம். முதலில் அதைப் பார்ப்போம்.

இப்படிப் பேசுகிறவர்கள் வழக்கமாக எடுப்பது மாற்கு 11ஆம் அதிகாரத்தை. கேட்டதைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள், அது உங்களுக்கு உண்டாகும் என்கிறார் இயேசு. சரி. மூன்று அதிகாரம் தள்ளிப் புரட்டினால் அதே இயேசு கெத்செமனேயில் தரையில் விழுந்து கிடக்கிறார். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று மன்றாடுகிறார். பாத்திரம் எடுபடவில்லை. விடிந்ததும் சிலுவை. அவருக்கும் விசுவாசம் போதவில்லையா என்று அந்த ஆளிடம் ஒரு முறை கேளுங்கள். பவுல் தன் உடம்பில் இருந்த முள் நீங்கவேண்டும் என்று மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம் இன்னும் கடினமானது. ஏரோது அகிரிப்பா ராஜா யோவானின் சகோதரன் யாக்கோபை வாளால் வெட்டிக் கொல்கிறான். அது மக்களிடம் எடுபட்டதைக் கண்டு பேதுருவையும் பிடித்துச் சிறையில் போடுகிறான். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது, தூதன் வருகிறான், சங்கிலிகள் கழன்று விழுகின்றன. ஒரே அதிகாரம், ஒரே சபை, ஒரே ராஜா. யாக்கோபுக்காக மட்டும் அவர்கள் ஜெபிக்காமல் இருந்திருப்பார்களா? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். அவருக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்த கூட்டம் "நீ பிதற்றுகிறாய்" என்கிறது. பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். விசுவாசத்தை அளந்துதான் பதில் கொடுக்கப்படும் என்றால் அன்றிரவு பேதுரு சிறையிலேயே கிடந்திருக்கவேண்டும்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன். அம்மா பால்மரம் வெட்டினார். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்துவிடும். பால் வெட்டுக்கோட்டில் ஓடி, மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில், கிராணி என்ற தோட்டக் கணக்கர் வானத்தைப் பார்த்துவிட்டு இன்று வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலியும் இல்லை. அதனால் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்படியில் அம்மா செய்யும் ஜெபம் வானிலை அறிக்கை போலத் துல்லியமாக இருக்கும்: "ஆண்டவரே, பத்து மணிவரை பெய்யவேண்டாம். பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும்." அதே மாநிலத்தின் வடக்கே மூடா வயல்கள். அங்கே வறட்சி நீண்டால் மலாய் விவசாயிகள் மழை வேண்டிச் சிறப்புத் தொழுகை நடத்துவார்கள். பக்கத்து வீட்டு அக்காள் மாரியம்மனிடம் முறையிடுபவர், ஆனால் அவரும் மரம் வெட்டுகிறவர் என்பதால் மழை விஷயத்தில் அம்மாவின் கட்சி. நானோ பாயில் படுத்தபடியே மழை வேண்டும் என்று ஜெபிப்பேன். மழை பெய்தால் அம்மா அன்று முழுக்க வீட்டில் இருப்பார், அவ்வளவுதான் என் கணக்கு. ஒரே கூரையின் கீழ், ஒரே ஆண்டவரிடம், நேர் எதிரான இரண்டு விண்ணப்பங்கள்! மழை தன் பாட்டுக்குப் பெய்தது, தன் பாட்டுக்கு நின்றது. இருவரில் ஒருவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள் அல்லவா?

நம் சபைகளில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. சாட்சி சொல்லும் நேரத்தில் சுகம் பெற்றவர்களும் வேலை கிடைத்தவர்களும்தான் ஒலிவாங்கிக்கு வருகிறார்கள். "ஜெபித்தோம், அவர் இறந்துவிட்டார்" என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வந்தாலும் போதகர் அவசரமாகப் பாட்டுக்குப் போய்விடுவார். ஆண்டுக்கணக்கில் இதையே கேட்டு வளரும் பிள்ளை, எல்லோருக்கும் கிடைக்கிறது, நமக்கு மட்டும்தான் இல்லை என்று நினைக்காமல் வேறு என்ன நினைக்கும்? சங்கீதப் புத்தகம் இவ்வளவு கூச்சப்படவில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரைக்கும் இருட்டுதான், அல்லேலூயா போட்டு முடிக்கவில்லை. அதையும் வேதம் என்றுதான் வைத்திருக்கிறோம்.

படித்த பிள்ளைகள் ஆராய்ச்சி எதுவும் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, அது நமக்குச் சாதகமாக இல்லை. அமெரிக்காவில் இருதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். ஜெபிக்கப்படலாம், படாமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில், ஜெபிக்கப்பட்ட பிரிவில் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாத பிரிவில் 51 விழுக்காட்டினருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட பிரிவில் 59 விழுக்காடு. கடவுளைச் சோதிக்கக்கூடாது என்று சொல்லி நழுவ எனக்கு மனமில்லை. முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் நாமே அதைத் துண்டுப்பிரசுரமாக அடித்து மார்க்கெட்டில் கொடுத்திருப்போம். அந்த ஆராய்ச்சியில் செய்ததுபோல, முன்பின் அறியாத ஒருவரின் பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த வாசகத்தைச் சொல்லிப் பதினான்கு நாள் ஜெபிப்பது, மகள் அப்பாவுக்காக அழுவதைப் போன்றது அல்ல என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த எண்களை மறைக்கவேண்டியதில்லை.

பிறகு ஏன் நம்புகிறேன்? எபிரெயர் 5ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் என்னை விடுவதில்லை. இயேசு, தம்மை மரணத்திலிருந்து இரட்சிக்க வல்லவரை நோக்கிப் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் செய்து, "கேட்கப்பட்டார்" என்கிறது அந்த வசனம். ஆனால் அவர் மரித்தார். அப்படியானால் கேட்கப்படுவதும் கேட்டது கிடைப்பதும் ஒன்றல்ல என்று வேதமே ஒப்புக்கொள்கிறது. உயிர்த்தெழுதல் அதற்குப் பிறகு வந்தது, கல்லறையைத் தவிர்த்து அல்ல, கல்லறைக்குள் போய்த்தான் வந்தது. மறுப்பைத் தானே வாங்கிய ஒருவரிடம் பேசுகிறேன் என்பதால் எனக்குப் பேச முடிகிறது. உங்களுக்கு இது போதாமல் இருக்கலாம். சில இரவுகளில் எனக்கும் போதுவதில்லை.

இனி நடைமுறை. டயாலிசிஸை ஒரு தடவைகூட விடவேண்டாம். சுகமாகிவிட்டது என்று விசுவாசித்து ரத்தச் சுத்திகரிப்பை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அவர் எந்த ஊழியராக இருந்தாலும் சரி. அன்பால் யாரேனும் நட்சத்திரப்பழச் சாறு கொண்டுவந்தாலும் கொடுக்காதீர்கள். சிறுநீரக நோயாளிக்கு அது நஞ்சு. விசுவாசம் போதவில்லை என்று சொன்னவரிடம், வாரத்தில் ஒரு நாள் அப்பாவை மையத்துக்கு ஏற்றிப்போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். ஒருவேளை நல்ல மனிதராகவும் இருக்கலாம், வருவார்.

இன்னொன்று: என்ன ஜெபிக்கவேண்டும் என்று அப்பாவிடமே கேட்டீர்களா? எங்கள் பெரியப்பா டயாலிசிஸில் இருந்தபோது குடும்பம் முழுவதும் புதிய சிறுநீரகத்துக்காக உபவாசம் இருந்தது. அவர் விரும்பியது வேறு. தாதி முதல் தடவையிலேயே ஊசியைச் சரியாகக் குத்தவேண்டும், ராத்திரியில் கால் பிடித்து இழுக்காமல் தூக்கம் வரவேண்டும், இவ்வளவுதான். எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இதைப் பெரியம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். உங்கள் அப்பாவுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்றிரவு அதற்காகவும் ஜெபியுங்கள்.